எடை மாறாமல் உடல் மாறுமா?

ஜிம்மில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதல் வாரத்திலேயே இரண்டில் ஓர் அறிவுரை கிடைத்துவிடும். ஒல்லியாக இருந்தால், "நல்லா சாப்பிட்டு எடையைப் போடு, அப்புறம் குறைச்சுக்கலாம்." வயிறு தள்ளியிருந்தால், "சோத்தை நிறுத்தி முதல்ல இளை, அப்புறம் தசை ஏத்தலாம்." ஈப்போவின் சிலிபின், புந்தோங், மெங்லெம்பு வட்டாரத்தில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இந்த இரண்டு வழியுமே சரிப்பட்டு வருவதில்லை. கையும் காலும் மெலிந்து, நெஞ்சு சிறுத்து, இடுப்பைச் சுற்றி மட்டும் கொழுப்பு திரண்ட உடல் நமக்குப் பழக்கமான ஒன்று. அந்த உடம்புக்காரர் எடை போட்டால் போட்டதெல்லாம் வயிற்றில் சேர்கிறது. பட்டினி கிடந்து இளைத்தால் இருக்கிற கொஞ்சத் தசையும் கரைகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்கே சாப்பிட்டு, அந்த உணவின் சேர்மானத்தை மாற்றி, பளு தூக்குவது. ஜிம்காரர்கள் இதை 'மெயின்டெனன்ஸ்' என்கிறார்கள். இது மெதுவான வழி; எடைக்கருவியில் தெரியாத வழி. ஆனால் மேலே சொன்ன உடல்வாகு உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பதே சான்றுகளைப் படித்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவு.

முதலில் அந்த உடலைப் பற்றி. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் ஒரு படம் வந்தது. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. எந்த அட்டவணையில் வைத்தாலும் இருவருமே 'சரியான எடை'. ஆனால் உடலில் இருந்த கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இருவருக்கும் எடைக் குறியீடு ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. யாக்னிக் அதற்கு முன்பே புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து, எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைக்குத் தசை குறைந்திருக்கும் அளவுக்குக் கொழுப்பு குறைந்திருப்பதில்லை என்று காட்டியிருந்தார். மெலிந்த கொழுத்த குழந்தை என்று அதற்குப் பெயர் வந்தது. 2019இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்மா பொமெராய் குழுவினர் தெற்காசியாவின் பழைய எலும்புகளை ஆராய்ந்து, தசை குறைந்த இந்த உடல்வாகு ஏறத்தாழ 11,000 ஆண்டுப் பழமை உடையது என்று எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐயே எச்சரிக்கைக் கோடாக வைத்ததற்கும் பின்னணி இதுதான்.

ஆகவே, "தோட்டத்தில் நம் பாட்டன்மார் இரும்பாக இருந்தார்கள், நாம்தான் கெட்டுப்போனோம்" என்ற பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. பேராக்கின் கித்தா (ரப்பர்) காடுகளில் விடியுமுன் இறங்கி நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளிகளைக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தவர்கள் கடுமையாக உழைத்தார்கள், மறுப்பில்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களில்தான் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் மலேரியாவும் இருந்தன. சோறு வயிற்றை நிரப்பியது, புரதம் போதவில்லை. அந்தத் தாய்மாரின் வயிற்றில் வளர்ந்த தலைமுறைதான் தோட்டம் துண்டாடப்பட்டபோதும் கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும் பட்டணத்துத் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் இடம் மாறியது. நடையும் சுமையும் நின்றன. தட்டில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. தசை குறைந்த உடம்பு பிறப்பிலேயே வந்தது. அதன்மேல் கொழுப்பை ஏற்றியது இந்த இடமாற்றத்துக்குப் பிந்தைய வாழ்க்கை.

விளைவு கணக்கில் தெரிகிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு). இந்தியர்களைத் தனியாக எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேருக்கு ஒருவர் என்று சொல்லிவிடலாம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எடையோ பருமனோ அதிகம். சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைக்கும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறியதாக இருந்தால் சர்க்கரை வெளியே தேங்கும். எனவே இங்கே தசை என்பது அழகுக்கான பேச்சு மட்டுமாக இருக்க முடியாது.

எடையை நிறுத்தி வைக்கும் அளவு என்பது என்ன? உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியும் வாய் வழியே வருவதும் சமமாக இருக்கும் நிலை. இதற்குச் சூத்திரங்கள் உண்டு, ஆனால் எல்லாமே தோராயம். நம்பத்தக்க முறை எளியது: வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பார்த்து எழுதி வையுங்கள். வாரச் சராசரி இரண்டு மூன்று வாரம் அசையவில்லை என்றால் நீங்கள் சாப்பிடும் அளவே உங்கள் அளவு. ஒருநாள் எடையை நம்பக் கூடாது. முதல்நாள் இரவு உப்பு மிகுந்த கோழிக்கறியும் சோறும் உள்ளே போயிருந்தால் மறுநாள் ஒரு கிலோ தண்ணீரே கூடும்.

இங்கே பலரும் கேட்கும் நியாயமான கேள்வி: கூடுதலாகச் சாப்பிடாமல் தசை எதிலிருந்து வளரும்? ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடைபட்டிருக்கிறது. ஒரு கிலோ தசையில் முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். அதில் இருப்பது சுமார் 1,800 கலோரிதான். தசை கட்டும் வேலைக்கு ஆகும் செலவைச் சேர்த்தாலும், இடுப்பில் இருக்கும் கொழுப்பே அதற்கான எரிபொருளைத் தாராளமாகத் தரும். வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டியவை இரண்டு: புரதம், தசையைக் கட்டச் சொல்லும் பளு. இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். ஒரு கிலோ தசை ஏறி ஒரு கிலோ கொழுப்பு இறங்கியவரின் எடை மாறியிருக்காது. ஆனால் அவர் உடலிலிருந்து சுமார் 5,900 கலோரி குறைந்திருக்கும். எடை சமம் என்பதும் கலோரி சமம் என்பதும் ஒன்றல்ல. எடை நிலைத்து நிற்கத் தசை கூடுகிறவர் உண்மையில் மிகச் சிறிய பற்றாக்குறையில் இருக்கிறார், பசி தெரியாமல்.

சான்றுகளுக்கு வருவோம். உணவைக் குறைக்காமல் பளுப்பயிற்சி மட்டும் செய்த பெரியவர்கள் பற்றிய 58 ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர் மைக்கேல் விவேஜ் குழுவினர் தொகுத்தார்கள். உடற்கொழுப்பின் விகிதம் சராசரியாக 1.46 விழுக்காட்டுப் புள்ளி இறங்கியது. கொழுப்பின் எடை அரைக் கிலோ சொச்சம் குறைந்தது. 2020இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் ஆண்களுக்குப் பளுப்பயிற்சியால் கூடிய தசை சராசரியாக ஒன்றரைக் கிலோ. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: உடல் நன்றாக மாறியவருக்கு எடைக்கருவி ஒரு கிலோ கூடுதலாகக்கூடக் காட்டலாம். மூன்று மாதம் உண்மையாக உழைத்துவிட்டு, "ஒன்னும் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான செய்தி, ஏனென்றால் அவர்கள் உடலுக்குள் நடந்தது வெற்றி.

கூடுதலாகச் சாப்பிட்டால் தசை இன்னும் வேகமாக ஏறாதா? நார்வேயின் தேர்ந்த விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து ஈனா கார்த்தே ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 500 கலோரி அளவு கூடுதல் உணவு, மற்றவர்கள் விரும்பிய அளவு. கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குத் தசை 1.7 கிலோ, மற்றவர்களுக்கு 1.2 கிலோ, புள்ளியியல்படி பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்போ முதல் பிரிவுக்கு 1.1 கிலோ, இரண்டாவதற்கு 0.2. பத்தாண்டுக்குப் பின் 2023இல் எரிக் ஹெல்ம்ஸ் குழு, பழகிய பளுதூக்குபவர்களிடம் சம அளவு, 5 விழுக்காடு கூடுதல், 15 விழுக்காடு கூடுதல் என்று மூன்று விதமாகப் பார்த்தது. சிறிய ஆய்வுதான். அங்கும் எடை வேகமாக ஏறியவர்களுக்கு முக்கியமாகக் கூடியது தோலடிக் கொழுப்பு.

எதிர்ப்பக்கம் குறைத்துச் சாப்பிட்டால்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016இல் 40 இளைஞர்களுக்குத் தேவையில் 40 விழுக்காட்டைக் குறைத்து, நான்கு வாரம் வாட்டி எடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குத் தசை 1.2 கிலோ கூடி, கொழுப்பு 4.8 கிலோ இறங்கியது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்குத் தசை அப்படியே நின்றது. முடிவு கண்ணைப் பறிக்கும். ஆனால் அவர்கள் எடை மிகுந்த இளைஞர்கள், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, உணவு முழுவதும் ஆய்வகம் கொடுத்தது. வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கல்யாண விருந்துக்கும் போய்வரும் ஒருவருக்கு இது நடவாது. 2022இல் மர்ஃபியும் கோலரும் செய்த தொகுப்பு, நாளுக்கு 500 கலோரி அளவு பற்றாக்குறையில் தசை வளர்ச்சி நின்றுவிடும், வலிமை மட்டும் வளரும் என்று கணித்தது. ஏற்கெனவே தசை குறைந்தவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

நம் இரத்தத்திலேயே நடந்த சோதனையும் உண்டு. டெல்லியில் அனூப் மிஸ்ரா குழுவினர் இனிப்புநீர் உள்ள 30 பேருக்குப் பன்னிரண்டு வாரம் மேற்பார்வையோடு பளுப்பயிற்சி கொடுத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் கூடியது. இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கின. தோலடிக் கொழுப்பு மெலிந்தது. நம் உடம்புக்கு இது ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எடை கூடாமல் வலிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எடைப்பிரிவு விளையாட்டுகளே சாட்சி. வேலூரின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்டிலும் அதே 77 கிலோ பிரிவில் தங்கம். அந்தப் பிரிவில் நின்றவரை அவர் 77 கிலோவைத் தாண்டியிருக்க முடியாது. கூடுகிற வலிமையெல்லாம் நரம்பு தசையை ஏவும் திறனிலிருந்தும், நுணுக்கத்திலிருந்தும், அதே எடைக்குள் தசையின் பங்கு கூடுவதிலிருந்தும் வர வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் முன்னேற்றம் கிராம் கணக்கில்தான். பல ஆண்டு பழகி, கொழுப்பும் குறைந்த உடலுக்குச் சம அளவு உணவு போதாமல் போகும். சிறிது கூடுதல் வேண்டும். புதியவர்களுக்கும், விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும், இடுப்பில் சேமிப்பு உள்ளவர்களுக்கும்தான் இந்த வழி தாராளமாகக் கொடுக்கும்.

இனி அடுப்படி. என் கணிப்பில் சிலிபினில் இந்த முயற்சி வெல்வதும் தோற்பதும் ஜிம்மில் இல்லை, இங்கேதான்.

49 ஆய்வுகளைத் தொகுத்த ராபர்ட் மோர்ட்டன் குழு 2018இல் சொன்னது: பளு தூக்குகிறவருக்கு நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுவரை புரதம் பயன் தரும்; அதற்கு மேல் போனால் கூடுதல் பயன் தெரியவில்லை. 65 கிலோ எடையுள்ளவருக்கு 104 கிராம். நம் வழக்கமான நாள் ஒன்றைக் கணக்குப் போடுவோம். பசியாற இரண்டு ரொட்டி சானாய். மதியம் 300 கிராம் சோறு, சாம்பார், ஒரு துண்டு மீன். மாலையில் தே தாரிக், வடை. இரவு மூன்று தோசை. வயிறு நிறைந்திருக்கும், கலோரியில் குறை இருக்காது. புரதம் மட்டும் 60 கிராமை ஒட்டியே நிற்கும்.

இப்போது கலோரியைக் கூட்டாமல் மாற்றுவோம். சோற்றில் 150 கிராமைக் குறைத்தால் சுமார் 195 கலோரி மிச்சம், போகும் புரதம் 4 கிராம். அதே கலோரிக்கு 100 கிராம் தெம்பே வைத்தால் வருவது 19 கிராம். இரண்டாவது ரொட்டி சானாயின் 300 கலோரிக்குப் பதில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலும். தே தாரிக்கைத் தே ஓ கொசோங் ஆக்கினால் மிஞ்சும் கலோரியில் மதியம் இன்னொரு துண்டு மீன். கூட்டிப் பாருங்கள், 95 கிராமைத் தாண்டிவிடும். புரதத்தூள் டப்பா எதுவும் வாங்கவில்லை.

தெம்பே ஜாவாவிலிருந்து வந்து மலாய்க்காரர் அடுப்பில் வளர்ந்தது. இன்று நம் சாம்பாரிலும் பிரட்டலிலும் அது சொந்தமாகிவிட்டது. தெம்பே சோயாவில் செய்வது; சோயாவில் முழுமையான புரதம் இருப்பதால் சைவக்காரர்களுக்கு இதைவிட மலிவான துணை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெயில் முழுக்கிப் பொரித்தால் நாம் போட்ட கலோரிக் கணக்கு உடைந்துவிடும். புந்தோங் கச்சாங் பூத்தேக்கும் இதே விதி. கடலை நல்லது; அவித்ததாகவோ வறுத்ததாகவோ இருக்கட்டும், பொரித்த முறுக்குக் கலவை வேறு கணக்கு. ஈப்போவின் பேர்பெற்ற தவ்கேயைப் புரதம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 100 கிராமில் 3 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். சாம்பாரும் அப்படித்தான்: பருப்பு மிதக்கும் சாம்பாரில் புரதம் உண்டு, தெளிந்த சாம்பாரில் புளியும் உப்பும்தான்.

விரத நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள் வாரக்கணக்கில் மரக்கறி மட்டுமே உண்கிறார்கள். சிலிபின் லூர்து மாதா ஆலயத்தைச் சேர்ந்த குடும்பங்களில் தவக்காலத்தில் இறைச்சியை ஒதுக்குகிறவர்கள் உண்டு. இறைச்சியை விடுவதால் தசை போய்விடாது. இறைச்சியை விட்ட இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் நிரப்புவதால்தான் போகிறது. அந்த நாட்களில் தெம்பே, தவ்ஃபூ, கெட்டியான பருப்பு, சுண்டல், விரதம் இடம் கொடுத்தால் பாலும் தயிரும் என்று திட்டமிட்டால், காவடியைத் தோளில் ஏற்றும் நாளில் உடம்பும் உடன் நிற்கும்.

பயிற்சியைப் பற்றிக் குறைவாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் குழப்பம் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது. உட்கார்ந்து எழுதல், தரையிலிருந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், இந்த நான்கு அசைவும் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் போதும். பளு பெரியதா சிறியதா என்பதைவிட, அடுத்த முறை முடியாது என்ற இடத்துக்கு அருகில் நிறுத்துவதும், வாரம் போகப்போகப் பளுவையோ எண்ணிக்கையையோ ஏற்றுவதும் முக்கியம். ஏற்றாமல் ஆறு மாதம் ஒரே டம்பெல்லைத் தூக்குவது பயிற்சியாகாது. கிளேடாங் மலை ஏறுவது இதயத்துக்கு அருமையான பழக்கம். ஆனால் அது தோளுக்கும் முதுகுக்கும் வேலை தராது. இரண்டும் வேண்டும். கனடாவில் சிகல் குழுவினர் 251 இனிப்புநீர் நோயாளிகளிடம் செய்த சோதனையில் இதயப் பயிற்சியும் பளுவும் சேர்ந்தபோதே சர்க்கரைக் கட்டுப்பாடு மிக நன்றாக இருந்தது.

அளப்பதற்கு எடைக்கருவியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தையல்காரரின் நாடா போதும். ஆசியர்களுக்கு இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. எடை நின்று, நாடா சுருங்கி, தூக்கும் பளு ஏறினால் உடல் மாறுகிறது. மூன்றும் இரண்டு மாதம் அசையாமல் நின்றால் முதலில் புரதத்தையும், அடுத்துப் பயிற்சிக் குறிப்பேட்டையும் பாருங்கள்.

இந்த வழி யாருக்கு ஏற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடல் நிறை குறியீடு 27.5ஐத் தாண்டி, இனிப்புநீரும் புதிதாக வந்தவருக்கு எடை இறங்கவே வேண்டும். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில் உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்த பிரிவில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தில்லாமல் சர்க்கரையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள். உண்மையாகவே எடை குறைந்தவர், எலும்பும் தோலுமாக இருப்பவர், கூடுதலாகத்தான் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது. இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கையில் இனிப்பு இருக்கட்டும், மருந்தளவை மருத்துவரிடம் பேசுங்கள். இனிப்புநீரால் விழித்திரையில் இரத்தக்குழாய் முளைத்தவர்கள் மூச்சடக்கிப் பெரும் பளு தூக்குவது ஆபத்து.

வயதானவர்களை இந்தப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு ஆற்றாத குறை. மரம் சீவி நம்மை வளர்த்த பாட்டிமார், "இனிமே எனக்கு என்னத்துக்குய்யா" என்று நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்கள். பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியதரோன் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார். வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அடுத்து 1994இல் 100 முதியவர்களிடம் செய்த சோதனையில் பளுப்பயிற்சி செய்தவர்களுக்கு வலிமையும் நடை வேகமும் கூடின. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. வீட்டில் அம்மாவுக்கு டின் டின்னாகப் பால்மாவு வாங்கி வைக்கும் பிள்ளைகள் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

ஆசியத் தசைநலிவுக் குழு 2019இல் வகுத்த அளவுகோலில் இயந்திரம் எதுவும் தேவைப்படாத ஒரு சோதனை இருக்கிறது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை நலிகிறது என்று சந்தேகிக்கலாம். 12 ஆகிவிட்டவருக்கு முதல் பயிற்சியும் அதே நாற்காலிதான்: எட்டு முறை எழுந்து உட்கார்ந்து, சற்று ஓய்ந்து, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள். எளிதானதும் கையில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம். அன்றைய சாப்பாட்டில் ஒரு கரண்டிச் சோறு குறைந்து, ஒரு முட்டை கூடட்டும்.